சாவி வந்த நாள், குடிபுகும் நாள்

புது வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே பஞ்சாங்கத்தைப் புரட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நல்ல நாள் குறித்து, விடியற்காலையில் உற்றார் உறவினரோடு போய், வாசலில் கோலமிட்டு, அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைத்தால்தான் வீடு வீடாகும். 1990-களில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிரம்பான், ஈப்போ, சுங்கை பட்டாணி வட்டாரங்களிலும் புதிது புதிதாக எழும்பிய தாமான்களில் இப்படிப் பால் காய்ச்சிய குடும்பங்களில் பல, அன்று மாலையே பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு பழைய வாடகை வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சாவி அவர்களுடையது. வங்கிக் கடன் அவர்களுடையது. ஆனால் அந்த வீட்டில் ஓர் இரவு படுத்துறங்க மட்டும் சட்டம் இடம் தரவில்லை.

இது எப்படி நேர்ந்தது? பணம் கட்டியவன் தன் வீட்டுக்குள் எப்போது போகலாம்? கேட்பதற்கு எளிமையான இந்தக் கேள்விக்கு மலேசியச் சட்டம் தெளிவான பதில் சொல்வதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பதிலின் சில பகுதிகளை நீதிமன்றங்கள் அண்மைக் காலம் வரை திருத்திக்கொண்டே வந்திருக்கின்றன.

'காலி' என்றால் என்ன?

வீட்டு ஒப்பந்தங்களில் 'மிலிக்கான் கோசோங்' என்று ஒரு சொற்றொடர் வரும். காலியான உடைமை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் நிலச் சட்டத்திலிருந்து வந்த கருத்து இது. பழைய வீடு ஒன்றை விற்பவர், அதில் குடியிருப்போரையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அப்புறப்படுத்தி, வாங்குபவர் தடையின்றி உள்ளே போகும்படி ஒப்படைக்க வேண்டும். அதுவே காலி உடைமை.

ஏற்கெனவே நிற்கிற வீட்டுக்கு இந்த விளக்கம் போதும். இன்னும் கட்டப்படாத வீட்டுக்கு? மலேசியாவில் புது வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் ஒரு வரைபடத்தையும் மாதிரி வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். வெறும் செம்மண் மேடாக இருக்கும் இடத்துக்கு முதலில் 10 விழுக்காடு. அடித்தளம் போட்டதும் ஒரு தொகை, தூண்கள் நின்றதும் ஒரு தொகை, கூரை ஏறியதும் ஒரு தொகை. இப்படிப் படிப்படியாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். சாவி வரும் நாளில் விலையின் பெரும்பகுதி மேம்பாட்டாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே இங்கே காலி உடைமை என்பது யாரோ ஒருவரை வெளியேற்றித் தருவதல்ல. கொடுத்த வாக்கைக் குறித்த நாளில் நிறைவேற்றுவது. எந்த நாள், யார் சொல்லும் நாள் என்பதுதான் வழக்கு.

சொந்தச் சாவி இல்லாத தலைமுறை

தோட்டப்புறத் தமிழர்களின் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். ஐம்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர்கூட ஓய்வு பெற்றதும் மூட்டை முடிச்சோடு மகன் வீட்டைத் தேட வேண்டிய நிலை. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இந்த உண்மை எல்லாருக்கும் உறைத்தது. துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததன் பின்னணி இதுதான்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களுக்குத் தாமான் வீடு என்பது வெறும் கூரையல்ல. யாரும் வெளியேறச் சொல்ல முடியாத முதல் இடம். சேமநிதிப் பணம், மனைவியின் நகை, கூட்டுப் பிடித்த பணம் என்று எல்லாவற்றையும் அதில்தான் போட்டார்கள். வீடு ஆறு மாதம் தாமதமானால் வசதி படைத்தவருக்கு அது எரிச்சல். இவர்களுக்கோ வாடகையும் வங்கி வட்டியும் ஒரே சம்பளத்திலிருந்து போகும். ஒரு தலைக்கு இரண்டு கூரையின் செலவு.

18 மாதம், 8 விழுக்காடு

சுதந்திரம் பெற்ற முதல் ஆண்டுகளில் வீடு விற்பவரும் வாங்குபவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அவர்களுக்குள் உள்ள விவகாரம் என்றே கருதப்பட்டது. எழுதியது மேம்பாட்டாளரின் வழக்கறிஞர். கையெழுத்துப் போட்டது படித்தும் படிக்காததுமான வாடிக்கையாளர். எப்போது வீடு கிடைக்கும் என்பதைப் பற்றி ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் அது வாங்கியவரின் தலைவிதி.

இந்த நிலையை மாற்றத்தான் வீடமைப்பு மேம்பாட்டாளர் கட்டுப்பாடு மற்றும் உரிமச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. இது தீபகற்ப மலேசியாவுக்கான சட்டம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. உரிமம் இல்லாதவர் வீட்டு மனை கட்டி விற்க முடியாது என்றது சட்டம். அதன் கீழ் 1970-இல் வந்த விதிகள்தாம் முதன்முறையாக நாளைக் குறித்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள் காலி உடைமை தர வேண்டும். தவறினால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும், வீட்டின் விலையில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்குக் குறையாமல் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும்.

அன்றைய நிலையில் 20,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 4 ரிங்கிட் 38 காசு. பெரிய தொகையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் காசைவிடக் கோட்பாடு பெரியது. தாமதத்துக்கு விலை உண்டு, அதை நிரூபிக்க வாங்கியவர் வாடகை ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை என்று சட்டமே சொன்னது அதுதான் முதல் தடவை.

மேம்பாட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. விதிகள் கேட்ட பிரிவுகளை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். 'எங்கள் சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தாமதம் ஏற்பட்டால் நாங்கள் பொறுப்பல்ல' என்பது அதன் சாரம். வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பறிக்கிற வேலை இது. சிமெண்டுத் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை, அடைமழை, அரசாங்க அனுமதித் தாமதம் என எதுவும் இந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடும்.

இப்படி ஒரு பிரிவை எதிர்த்து வீடு வாங்கிய ஒருவர் தொடுத்த வழக்கு 1982-இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பளித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி துன் சுஃபியான். அரசு ஊழியர்களுக்கு 4 விழுக்காட்டு வட்டியில் வீட்டுக் கடன் கிடைக்கத் தொடங்கியதும் வீடுகளுக்குத் தேவை பெருகிற்று. வாங்குவோரில் பெரும்பாலோர் நடுத்தர, எளிய வருமானக்காரர்கள். செல்வமும் செல்வாக்கும் உள்ள மேம்பாட்டாளர்களிடமிருந்து அவர்களைக் காக்கவே நாடாளுமன்றம் இச்சட்டத்தைக் கொண்டுவந்தது என்று அவர் விளக்கினார். ஆகவே சட்ட விதியோடு முரண்படும் ஒப்பந்தப் பிரிவு செல்லாது. வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

அதன் பிறகு நாட்டில் நடந்த வீட்டு வழக்குகளில் மிகப் பல இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியே வாதாடப்பட்டன. ஆயினும் அதே தீர்ப்பில் இன்னொரு குறிப்பும் இருந்தது. உண்மையிலேயே தவிர்க்க முடியாத இடையூறு வந்தால் மேம்பாட்டாளர் என்ன செய்வது? விதிகளின்படி வீடமைப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்துக் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஒப்பந்தத்தின் பின்கதவை அடைத்த தீர்ப்பு, அமைச்சின் பக்கக் கதவைக் காட்டிக் கொடுத்தது. அந்தக் கதவு வழியாக அடுத்த 37 ஆண்டுகளில் எத்தனையோ மேம்பாட்டாளர்கள் போய் வந்தார்கள்.

1989 படிவம்

ஒப்பந்தத்தை மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் எழுதுவதால்தானே இவ்வளவு தொல்லை, அரசாங்கமே எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணம் 1982-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் செயலுக்கு வந்தது. இன்றுவரை எல்லாரும் அறிந்த வடிவம் 1989-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளோடு வந்தது. நிலத்தோடு கூடிய வீடு என்றால் 'ஜி' அட்டவணை. அடுக்குமாடி வீடு என்றால் 'எச்' அட்டவணை. ஒரு வரியைக்கூட யாரும் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது.

தரை வீட்டுக்கு 24 மாதம். அடுக்குமாடிக்கு 36 மாதம். தாமதத்துக்கு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில். 150,000 ரிங்கிட் வீடு என்றால் ஒரு நாளுக்கு 41 ரிங்கிட் சொச்சம். நூறு நாள் தாமதத்துக்கு 4,100 ரிங்கிட்டைத் தாண்டும். 18 மாதம் 24 ஆனதில் வாங்குபவருக்கு இழப்பு. 8 விழுக்காடு 10 ஆனதில் ஆதாயம். பேரம் சமமானதா என்பதை அவரவர் அனுபவம் சொல்லட்டும்.

ஆனால் இந்தப் படிவத்தில் ஒரு விநோதம் ஒளிந்திருந்தது. கட்டுமானம் முடிந்தது என்று மேம்பாட்டாளரின் கட்டடக் கலைஞர் சான்று தர வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் இணைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். வாங்கியவர் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் சாவியைக் கொடுக்கலாம். சாவி கொடுத்த கணத்தில் தாமத இழப்பீட்டுக் கடிகாரமும் நின்றுவிடும். அடுத்த வரியோ, இந்த உடைமையால் வாங்கியவருக்குக் குடியிருக்கும் உரிமை வந்துவிடாது, ஊராட்சி மன்றத்தின் குடியிருப்புத் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும் வரை அவர் அங்கே வசிக்கக் கூடாது என்றது.

சாவி உண்டு, வீடு இல்லை

மக்கள் 'சி.எஃப்.' என்று அழைத்த அந்தச் சான்றிதழ்தான் 1990-களின் வீட்டுக் கதைகளுக்கு வில்லன். 1984-ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைவிதிகளின் கீழ் ஊராட்சி மன்றம் அதை வழங்க வேண்டும். மன்றம் வழங்குவதற்குத் தீயணைப்புத் துறை, மின்சார வாரியம், நீர் விநியோக நிறுவனம், கழிவுநீர்ப் பிரிவு, சாலை, வடிகால் என ஒவ்வோர் அமைப்பும் 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று எழுதித் தர வேண்டும். ஓர் அலுவலகத்தில் கோப்பு படுத்துவிட்டால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கட்டில்கள் லாரியில் ஏறாமல் நிற்கும்.

சில இடங்களில் குற்றம் மேம்பாட்டாளருடையது. வீட்டைக் கட்டி முடித்தவர் தாமானுக்கு வர வேண்டிய சாலையையோ வடிகாலையோ கழிவுநீர் நிலையத்தையோ முடிக்காமல் விட்டிருப்பார். வேறு சில இடங்களில் எல்லாம் முடிந்திருக்கும். கையெழுத்து மட்டும் வராது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கோ யாரைக் கேட்பது என்றே தெரியாது. மேம்பாட்டாளரைக் கேட்டால் மன்றத்தைக் கை காட்டுவார். மன்றத்தைக் கேட்டால் ஆவணங்கள் முழுமையாக இல்லை என்பார்கள். சான்றிதழ் இல்லாமல் குடியேறுவது சட்டப்படி குற்றம். காலி வீட்டில் மின்கம்பிகளும் குழாய்களும் களவு போகும் என்ற பயம் வேறு. துணிந்து குடியேறியவர்களும் உண்டு. குழந்தைகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டுச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

நாள் பார்க்கும் பழக்கத்துக்கும் சட்டத்துக்கும் மோதல் வந்ததும் இங்கேதான். சாவியை வந்து பெற்றுக்கொள்ளுமாறு மேம்பாட்டாளர் அனுப்பும் கடிதத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. பழைய படிவத்தில் அது 14 நாள். பின்னர் 30 நாளாக நீட்டப்பட்டது. அந்தக் கெடு முடிந்தால், வாங்கியவர் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டாலும், உடைமையை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். ஜூலை கடைசியில் கடிதம் வருகிறது; ஆடி மாதம், புது வீட்டுச் சாவியை வாங்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சட்டத்துக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. கெடு முடிந்த மறுநாளே வெடிப்பு, கசிவு முதலிய குறைகளுக்கு மேம்பாட்டாளர் பொறுப்பேற்கும் காலம் ஓடத் தொடங்கிவிடும். பால் காய்ச்சுவதை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாம். சாவியை மட்டும் கடிதம் வந்த வாரமே போய் வாங்கி, சுவரையும் குழாயையும் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான்.

அண்டை நாடான சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் எழவில்லை. அங்கே தனியார் மேம்பாட்டாளர் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைத்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். இறுதிச் சான்றிதழ் பின்னால் வரலாம். சாவி என்றால் குடியிருக்கலாம் என்றே அங்கு பொருள். இங்கே அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதியில் நின்ற தூண்கள்

தாமதமாகவாவது வந்த வீட்டைப் பற்றித்தான் இதுவரை பேச்சு. வராமலே போன வீடுகளும் உண்டு. 1980-களின் நடுப்பகுதியில் வந்த பொருளாதார மந்தமும் 1997-98 நிதி நெருக்கடியும் எத்தனையோ வேலைத்தளங்களைப் புல் முளைக்க விட்டன. புதர் மண்டிய தூண்களுக்கு வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களின் வேதனையைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை. வாங்குவோர் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கே செலவாக வேண்டும் என்று 1991-இல் தனி வங்கிக் கணக்கு விதிகள் வந்தன. 1997-இல் தொடங்கப்பட்ட தேசிய வீடமைப்பு நிறுவனமான எஸ்.பி.என்.பி. கைவிடப்பட்ட திட்டங்கள் சிலவற்றை எடுத்து முடித்துக் கொடுத்தது. பின்னாளில் செய்யப்பட்ட ஒரு திருத்தம், திட்டத்தைக் கைவிடுவதையே குற்றமாக்கியது. 250,000 முதல் 500,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாள் கணக்கில் 10 விழுக்காடு என்பதெல்லாம் மேம்பாட்டாளரிடம் பணம் இருக்கும் வரைதான். திவாலான நிறுவனத்தின் மீது எவ்வளவு இழப்பீடு வாங்கினாலும் அது காகிதம்தான்.

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. சட்டத்தின் பெயரில் இருந்த 'மேம்பாட்டாளர்' என்ற சொல் 'மேம்பாடு' ஆயிற்று. வீடு வாங்குவோருக்கென்றே தனி நடுவர் மன்றம் திறக்கப்பட்டது. மனுக் கட்டணம் 10 ரிங்கிட். பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. வாங்கியவரே நின்று தம் கதையைச் சொல்லலாம். சட்டத்தின் இன்றைய உச்சவரம்பு 50,000 ரிங்கிட். நீதிமன்றப் படியேறக் கூலி கட்டாது என்று 5,000, 6,000 ரிங்கிட் தாமத இழப்பீட்டைக் கைகழுவிய எத்தனையோ பேருக்கு இது பெரிய வரம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குடியிருப்புச் சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்தோ குறை திருத்தும் காலம் முடிந்த நாளிலிருந்தோ 12 மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும்.

2007 ஏப்ரல் 12

சி.எஃப். ஆட்சி முடிவுக்கு வந்த நாள் இது. அன்று முதல் புதிய திட்டங்களுக்கு ஊராட்சி மன்றம் அல்ல, திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ, சிறு கட்டடமானால் பதிவு பெற்ற வரைவாளரோ, 'கட்டி முடிக்கப்பட்டது, விதிகளுக்கு உட்பட்டது' என்று தாமே சான்றிதழ் வழங்குவார். அதற்குச் சி.சி.சி. என்று பெயர். அடித்தளம் முதல் வடிகால் வரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படிவம், மொத்தம் 21 படிவங்கள். செய்தவரும் மேற்பார்த்தவரும் அதில் கையெழுத்திட வேண்டும். வெளி அமைப்புகளின் இசைவு மின்சாரம், நீர், கழிவுநீர், மின்தூக்கி, தீயணைப்பு, சாலை-வடிகால் என ஆறோடு நின்றது.

வாங்குபவருக்கு இதில் என்ன லாபம்? புதிய ஒப்பந்தப் படிவத்தின்படி இந்தச் சான்றிதழ் இல்லாமல் காலி உடைமையே கொடுக்க முடியாது. சாவி வரும்போது குடியிருக்கும் உரிமையும் சேர்ந்தே வரும். சான்றிதழ் தாமதமானால் அது மேம்பாட்டாளரின் தாமதம்; கடிகாரம் அவர் செலவில் ஓடும். குறை திருத்தும் காலமும் 18 மாதத்திலிருந்து 24 மாதமாக உயர்ந்தது. இது அரசாங்க அலுவலகத்தின் வேலையைத் தனியாரிடம் தள்ளிவிடும் ஏற்பாடு, மேம்பாட்டாளரிடம் சம்பளம் வாங்குபவரே மேம்பாட்டாளருக்குச் சான்றிதழ் கொடுப்பதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பொய்ச் சான்று கொடுத்தால் தொழில் உரிமமே போகும் என்ற அச்சம் ஓரளவுக்குக் காவலாக நிற்கிறது. இருந்தாலும் பால் காய்ச்சிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் காட்சி இத்தோடு குறைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே 2007-இல் '10:90' என்ற முறைக்கும் படிவங்கள் வந்தன. முதலில் 10 விழுக்காடு, மீதி 90 விழுக்காடு வீடு கட்டி முடித்துச் சான்றிதழோடு சாவி கொடுக்கும்போது. வீடு வராவிட்டால் இழப்பு மேம்பாட்டாளருக்கு. தேசிய வீடு வாங்குவோர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இதைத்தான். 2015-இல் இது கட்டாயமாகும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆகவில்லை. சிறிய நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாது, வீட்டு விலை ஏறும் என்பது மேம்பாட்டாளர்கள் தரப்பு வாதம். விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற அளவிலேயே அது நின்றுவிட்டது.

பக்கக் கதவு அடைபட்ட கதை

துன் சுஃபியான் காட்டிய பக்கக் கதவுக்கு மீண்டும் வருவோம். 1989 ஒழுங்குமுறைகளிலும் அந்த அதிகாரம் தொடர்ந்தது. சிறப்புக் காரணம் இருந்தால் ஒப்பந்தப் பிரிவுகளைத் தளர்த்தவோ மாற்றவோ கட்டுப்பாட்டு அதிகாரியால் முடியும். 36 மாதத்தை 48 ஆக்கித் தரும் கடிதம் ஒன்று அமைச்சிலிருந்து வந்துவிட்டால், வாங்கியவரின் ஓராண்டு இழப்பீடு ஒரே நாளில் காணாமல் போகும். 500,000 ரிங்கிட் அடுக்குமாடி வீட்டுக்கு அது 50,000 ரிங்கிட். இதில் வாங்கியவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

கோலாலம்பூரில் இப்படி 12 மாத நீட்டிப்புப் பெற்ற ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் வீட்டுக்காரர்கள் அமைச்சையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2019 நவம்பர் 26-ஆம் தேதி, தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட் தலைமையிலான கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வீடு வாங்குவோரைக் காக்கும் பொறுப்பை நாடாளுமன்றம் அமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பையே தளர்த்தும் அதிகாரத்தை அவர் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே அந்த விதியே செல்லாது என்றது நீதிமன்றம்.

மேம்பாட்டாளர்கள் வட்டாரத்தில் இது பெரும் அதிர்ச்சி. கோவிட்-19 தொற்று வந்தபோது நீட்டிப்புக்குத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 2020 மார்ச் 18 முதல் ஆகஸ்டு 31 வரையிலான நாட்களைக் கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று அவ்வாண்டு இயற்றப்பட்ட தற்காலிக நடவடிக்கைச் சட்டம் விலக்கு அளித்தது. வேலைத்தளங்கள் மூடிக் கிடந்த காலம் என்பதால் அதை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

அடுத்த அதிர்ச்சி 2021 ஜனவரியில். 24 மாதமோ 36 மாதமோ, எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஒப்பந்தத் தேதியிலிருந்து என்றுதான் படிவத்தில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்பே 'புக்கிங்' பணம் வாங்கிவிடுவது ஊரறிந்த வழக்கம். ஒழுங்குமுறையோ, ஒப்பந்தத்தில் சொன்ன தவணைகளைத் தவிர எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்கிறது. வாங்கக் கூடாத பணத்தை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தில் தேதி போடுவதை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போட்டால் கெடுவும் தள்ளிப் போகும் அல்லவா? 1988-இலேயே அன்றைய உச்ச நீதிமன்றம், முன்பணம் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று கூறியிருந்தது. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 300,000 ரிங்கிட் வீட்டுக்கு முன்பணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஆறு மாத இடைவெளி இருந்தால், அந்த ஒரு வித்தியாசமே 15,000 ரிங்கிட். மேசை இழுப்பறையில் கிடந்த முன்பண ரசீதுகளுக்கு அன்றுதான் மதிப்பு வந்தது.

ஆனால் 2019 தீர்ப்பை நம்பி, பழைய நீட்டிப்புகளுக்கும் இழப்பீடு கேட்டவர்கள் பலர். மேம்பாட்டாளர்களோ, அன்று சட்டம் அனுமதித்ததைத்தானே செய்தோம், அமைச்சின் கடிதத்தை நம்பித்தானே 48 மாதம் என்று ஒப்பந்தம் போட்டோம், வாங்கியவரும் அது தெரிந்துதானே கையெழுத்திட்டார் என்று வாதிட்டார்கள். அதிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 2019 தீர்ப்பு அதற்குப் பிந்திய காலத்துக்கே பொருந்தும், அதற்கு முன்பு வழங்கப்பட்ட நீட்டிப்புகளைப் பின்னோக்கிச் சென்று கலைக்காது என்று முடிவு செய்தது. வழக்கு நடத்திக்கொண்டிருந்த பல குடும்பங்களின் கணக்கு அன்று மாறிப் போனது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அந்த வீடுகளில் குடியேறிச் சில தீபாவளிகளைக் கொண்டாடிவிட்டிருந்தார்கள்.